உன் கை படாத செயின்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உப்பிலியபுரத்திலிருந்து திரும்பும்போது, துறையூரில் பஸ் மாறுவதற்காக இறங்கினேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மெக்கானிக் கடை வாசலில், தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, அதில் மோட்டார் சைக்கிள் செயினைப் போட்டு ஒருவர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய கிரீஸும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. நான் கையில் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். எழுபத்து மூன்று வயதில், காலையிலிருந்து உனக்காக அழுதுவிட்டு வந்தவளுக்கு, உன்மேல் அந்தப் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. திருச்சி பஸ் ஒன்று வந்து போனது. அடுத்ததில்தான் ஏறினேன்.

உன்னை நேரில் ஒருநாளும் ‘நீ’ என்று சொன்னதில்லை. ‘நீங்க’ என்றுதான் சொல்வேன். நீயும் என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டு ‘நீங்க’ போட்டுத்தான் பேசுவாய். நீ என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்று பிறகுதான் தெரிந்தது. மரியாதை என்று நீ நினைத்திருப்பாய். நான் உன்னைத் தள்ளி வைப்பதற்காகத்தான் அப்படிப் பேசினேன். இந்த மடலில் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தோம். அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்திருந்தார்கள். உங்களுக்கு ஒரு போர்ஷன், எங்களுக்கு ஒரு போர்ஷன். நடுவில் இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. தெருவிலேயே வேறு யாரிடமும் அப்போது மோட்டார் சைக்கிள் கிடையாது.

என் வீட்டுக்காரர் விவசாய இலாகாவில் இருந்தார். விதை, உரம் என்று ஊர் ஊராகப் போகிற வேலை. உன் வீட்டுக்காரருக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. விடிவதற்கு முன்னால் மார்க்கெட்டில் நிற்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் பச்சைமலை அடிவாரம் வரை போய்ச் சரக்குப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவருடைய வண்டி மூன்று கை மாறி வந்த பழைய வண்டி. அது நின்றால் அன்றைய மண்டி நின்றது. அதனால் அதை நீ நிற்கவிடவில்லை. உப்பிலியபுரத்தில் உன் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தாராம். பள்ளிக்கூடம் போன நாளைவிட அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த நாள்தான் அதிகம் என்று நீயே சொல்வாய். நான் திருச்சியில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். என் கையில் சாக்பீஸ் தூள் இருக்கும். உன் நகக்கண்ணில் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். வந்த புதிதில் அதைப் பார்த்து உன்மேல் இரக்கப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ உன் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வருவாய். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடுவாய். பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்து, அடுப்பில் இளக்கிய கிரீஸில் முக்கி எடுத்து, கம்பியில் தொங்கவிட்டு வடியவிடுவாய். அது வடிகிற நேரத்தில் பின்சக்கரத்தின் பல்லை விரலால் தடவிப் பார்ப்பாய். பல் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்துவிட்டால் செயின் புதிதாக இருந்தும் பிரயோஜனமில்லை என்று ஒருமுறை என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் உன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். செயினைத் திரும்ப மாட்டி, சேர்க்கிற இடத்தில் அந்தச் சின்ன கிளிப்பை வைக்கும்போது, “மீன் மாதிரி சார். தலை முன்னாடி போகணும், வால் பின்னாடி இருக்கணும். மாத்திப் போட்டா வழியில கழண்டுக்கும்” என்றாய். அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து நான் அந்த வருஷத்தில் பார்த்ததில்லை.

முதலில் உன் வண்டி மட்டும்தான். பிறகு அவருடைய வண்டியையும் பார்க்க ஆரம்பித்தாய். அவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. பயிருக்கு வந்த நோயை இலையைப் பார்த்துச் சொல்லிவிடுவார், தன் வண்டியில் என்ன சத்தம் என்று சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போவார். செயினைப் பார்ப்பதற்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று நான் சமையலறை ஜன்னலில் நின்று நினைப்பேன்.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்த ஒரு காட்சிதான் என்னைத் தின்றது. நீ அவரை வண்டிமேல் ஏறி உட்காரச் சொல்வாய். அவர் உட்கார்ந்ததும், நீ அவர் காலடியில் மண்டியிட்டு, தலையைக் குனிந்து, இரண்டு விரலால் செயினை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாய். அவர் மேலே, நீ கீழே. சமயத்தில் ஐந்து நிமிஷம்கூட ஆகும். செயினை இறுக்குவதற்கு ஆள் எதற்கு மேலே உட்கார வேண்டும்? கீழே நின்றுகொண்டு பார்த்தால் செயின் தெரியாதா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு குழம்பைத் தீயவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ ஒரே வரியில் சொல்லியிருப்பாய்.

ஒருநாள் குழாயடியில் நாம் இருவரும் மட்டும் இருந்தபோது சொல்லிவிட்டேன். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிற குரலில், “உங்க வீட்டு வண்டியோட நிறுத்திக்கோங்களேன். அடுத்த வீட்டு ஆம்பிளை கால்கிட்ட உக்காந்துட்டிருக்கிறது பாக்க நல்லாவா இருக்கு?” என்றேன்.

நீ குடத்தின் கழுத்தைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாய். உன் முகம் சிவக்கவில்லை, வாடவில்லை. நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு புரிந்தது போலிருக்கிறது. “சரிங்க டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, மண்டி ஆளுக்குச் சமைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாய். அதற்கு அடுத்த வாரம் வேறொரு காரணம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்தில் அவர் வண்டியில் செயின் தொய்ந்துவிட்டது. வேகம் கூட்டினால் மூடித் தகரத்தில் அது அடிக்கிற சத்தம் சந்து முனையிலிருந்தே கேட்கும். நீயும் உன் வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டிருப்பாய். பாலக்கரை ஒர்க்‌ஷாப்புக்கு விட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், விடவில்லை. சாப்பிடும்போது ஒருநாள், “அவங்க கை பட்டா ஒரு வாரத்துக்குச் சத்தமே இருக்காது” என்றார். நான் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், நானே செய்வது என்று.

அவர் இரண்டு நாள் கூட்டத்துக்காக ரயிலில் தஞ்சாவூர் போனார். எனக்குப் பள்ளி விடுமுறை. மதியம் நீ கோவிலுக்குக் கிளம்பிப் போனாய். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். ஜன்னல் வழியாக அத்தனை வாரம் பார்த்ததெல்லாம் மனசில் இருந்தது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கிற பெரிய நட்டைத் தளர்த்த வேண்டும். பிறகு சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிற சின்ன ஸ்க்ரூ இரண்டையும் திருக வேண்டும். கணக்கு டீச்சர் இல்லையா, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று எண்ணி எண்ணித் திருகினேன். சக்கரம் கோணிவிடக்கூடாது என்று நூல் பிடித்துப் பார்த்தேன். செயினை அழுத்தினால் கொஞ்சம்கூட அசையவில்லை. விறைப்பாக நின்றது. நட்டை இறுக்கும்போது விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது. நீ வருவதற்குள் கையைக் கழுவிவிட்டேன். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அன்று சாயங்காலம் அதை நானே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன்.

அவரிடம் சொல்லக்கூடாது, அவராகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இருந்தேன். வந்த மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விட்டுத் திரும்பினார். சந்து முனையில் சத்தம் இல்லை. வாசலிலேயே நின்றேன். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் சந்தோஷமாக, “பாவம், அவங்களே பாத்துட்டாங்கபோல. செயின் சத்தமே இல்ல” என்றார்.

“நான்தான் செஞ்சேன்” என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொல்லவில்லை. என் கை செய்ததையும் உன் பேரில் எழுதிவிட்டாரே என்ற ஆத்திரம் வாயை அடைத்துவிட்டது. நினைத்துக்கொள்ளட்டும், அவளே செய்ததாக இருக்கட்டும் என்று காப்பியை வைத்துவிட்டு நகர்ந்தேன். இரண்டு நாள் அப்படியே ஓடியது. வண்டி கொஞ்சம் இழுக்கமாட்டேன் என்கிறது என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காட்டூரில் அவருடைய தங்கை வீட்டில் விசேஷம். இருவரும் வண்டியிலேயே போகலாம் என்றார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்போது நீ முற்றத்துக்கு வந்தாய். பின்சக்கரத்தையே பார்த்தாய். “சார், ஒரு நிமிஷம்” என்று ஆரம்பித்தாய். அவர் திரும்பினார். நான் அவர் தோளைத் தட்டி, “நேரமாச்சு, கிளம்புங்க” என்றேன். நீ கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றதைக் கடைசியாகப் பார்த்தேன்.

காவேரிப் பாலத்தைத் தாண்டும்போதே வண்டி முனகியது. ஊருக்குள் நுழைந்ததும் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. ரோட்டோரக் குப்பை என்று நினைத்தோம். காந்தி மார்க்கெட்டைக் கடந்து தஞ்சாவூர் ரோட்டில் திரும்புகிற இடத்தில், எதிரே மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி. அவர் காலால் பிரேக்கை மிதித்தார். பிடிக்கவில்லை. கையால் முன்பிரேக்கை இழுத்துக்கொண்டே வண்டியை ஒடித்தார். அந்த நேரத்தில் கீழே துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். செயின் அறுந்து பல்சக்கரத்தில் சுருண்டு சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட, வண்டி எங்களைத் தேய்த்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது. நான் மூட்டைகளின்மேல் போய் விழுந்தேன். அவருடைய இடது கால் வண்டிக்கு அடியில் இருந்தது.

ஓடிவந்து தூக்கியவர்கள் உன் வீட்டுக்காரருடைய மண்டி ஆட்கள். உன் வீட்டுக்காரரே எங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி ஆச்சு என்று உன் வீட்டுக்காரர் கேட்டபோது என் வீட்டுக்காரர் வலியோடு, செயினை இப்போதுதான் உங்கள் வீட்டில் பார்த்துக் கொடுத்தார்கள், எப்படி அறுந்தது என்று தெரியவில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். உன் வீட்டுக்காரர் முகம் மாறியதைப் பார்த்தேன். கட்டிலுக்கு மறுபக்கம் நான் நின்றிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

வண்டியைக் கைவண்டியில் போட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் துணி எடுப்பதற்காக வீட்டுக்கு வந்திருந்தேன். நீ அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சின்ன ஸ்க்ரூ இரண்டையும் பார்த்தாய். பிறகு பிரேக் கம்பியின் முனையைத் தொட்டுப் பார்த்தாய். எழுந்து என் கையைப் பார்த்தாய். முட்டியில் காய்ந்த புண் இருந்தது.

“டீச்சர், செயினைப் பாக்குறப்ப ஆள் ஏறி உக்காந்திருக்கணும்” என்றாய். “ஆள் ஏறினா சக்கரம் மேல வரும், செயின் இன்னும் இழுத்துக்கும். ரெண்டு பேர்னா சொல்லவே வேண்டாம். சக்கரத்தைப் பின்னாடி தள்ளினா பிரேக் கம்பியையும் தளத்தணும். இல்லேன்னா பிடிச்சுக்கிட்டே இருந்து சூடேறிடும்.”

அவ்வளவுதான் சொன்னாய். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நான் குழம்பைத் தீயவிட்ட கேள்விக்குப் பதில் அது. நான் கூனிக் குறுகிப் போயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இன்னும் எரிச்சல்தான் வந்தது. உனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் நீ கத்தவில்லை. இதிலும் நீ எனக்கு மேலே போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரருடைய குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஊரான் வண்டியில் உனக்கு என்ன வேலை, ஏன் செய்தாய், நாளைக்கு அவருக்குக் கால் நடக்காவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். பயத்தில் கத்தினார். இனிமேல் எந்த வண்டியிலும் கை வைக்கக்கூடாது, என் வண்டியிலும் வைக்காதே என்றார். உன் குரல் கேட்கவே இல்லை. நான் கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு சுவர் ஓரமாக நின்றேன்.

அடுத்து வந்த வாரங்களில் உன் கை சுத்தமானது. குழாயடியில் பார்ப்பேன். நகக்கண்ணில் இருந்த கறுப்புக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து, வெட்டுப்பட்டு, இல்லாமல் போனது. முதலில் எனக்கு அது திருப்தியாக இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தைப் பெருக்கினதையே திரும்பப் பெருக்குவாய். உன் வீட்டுக்காரருடைய வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்வர ஆரம்பித்தது. இரண்டுமுறை வழியில் நின்று, அவர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. விடிகாலையில் அது கிளம்பும்போது செயின் தகரத்தில் அடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் சந்து முனை திரும்பி மறைகிறவரை நீ வாசலில் நின்றிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் படுக்கையில் விழித்துக்கொண்டு கேட்பேன். திருப்தி எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் அது இல்லை.

மாவுக்கட்டு பிரித்த வாரம் என் வீட்டுக்காரர், வேறு வீடு பார்க்கலாம் என்றார். பக்கத்திலேயே இருந்துகொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது, அவங்கமேல் கோபம் இல்லை, ஆனால் நம்பியிருந்தேன் என்றார். அந்த ‘நம்பியிருந்தேன்’ என்ற வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். குழாயடியில் உன்னிடம் பேசியது, தஞ்சாவூர் கூட்டம், அரைச் சுற்று, நூல், நீ ‘ஒரு நிமிஷம்’ என்று கூப்பிட்டது எல்லாவற்றையும்.

முழுவதையும் கேட்டார். பிறகு, “ரெண்டு நாள் சத்தமே இல்லாம ஓடிச்சே, அது நீயா?” என்றார்.

நான் எந்த வார்த்தைக்காக வாசலில் காத்து நின்றேனோ அது அப்போது வந்தது. வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை. அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. போய் அவர்கள் இரண்டு பேரிடமும் சொல் என்றார்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உன் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிலைப்படியிலேயே நின்று, “அந்தச் செயினை இவங்க தொடல. நான்தான் இறுக்கினேன்” என்றேன். அவர் கை இலைமேல் அப்படியே நின்றது. நீ ரசப் பாத்திரத்தோடு நின்றிருந்தாய். “உக்காருங்க டீச்சர், அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்” என்றாய். நான் தரையில் உட்கார்ந்தேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. உன் பக்கம் திரும்பி, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

“‘ஏன் செஞ்சே’ன்னுதான் கேட்டீங்க. ‘செஞ்சியா’ன்னு நீங்க கேக்கவே இல்லியே” என்றாய்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு வரிக்குள் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது என்மேல் வந்த கோபமில்லை, அவர்மேல் வந்தது. அதிலும் எனக்குப் பங்கு கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரரே வண்டியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நீ மண்ணெண்ணெய்த் தட்டை எடுத்து வந்தாய். அவருடைய வண்டியை முடித்துவிட்டு எங்கள் வண்டியையும் கொட்டகையிலிருந்து இழுத்தாய். புதுச் செயின் வாங்கிப் போட்டிருந்தது. பிரேக் டிரம்மைத் திறந்து, கருகிப்போன பிரேக் கட்டைகளை மாற்றினாய். என் வீட்டுக்காரர் கைத்தடியோடு படியில் உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஏற அவரால் முடியாது. நீ சமையலறை ஜன்னலைப் பார்த்து, “டீச்சர், நீங்க வந்து ஏறி உக்காருங்க” என்றாய்.

வந்தேன். ஏறி உட்கார்ந்தேன். நீ என் காலடியில் மண்டியிட்டாய். மேலேயிருந்து பார்த்தால் உன் வகிடு தெரிந்தது, கழுத்தின் பின்பக்கம் வியர்வை தெரிந்தது. நீ ஒருமுறைகூட நிமிரவில்லை. இரண்டு விரலும் செயினில் இருந்தன. சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டச் சொல்லி, வேறொரு இடத்தில் அழுத்திப் பார்த்தாய். பிறகு இன்னொரு இடம். மேலே உட்கார்ந்திருப்பது நானா, என் வீட்டுக்காரரா, ஒரு வெங்காய மூட்டையா என்பது உனக்கு ஒன்றுதான் என்று தெரிந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவர் கண் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது, இனிமேல் தெரியவும் போவதில்லை. உன் கண் எங்கே இருந்தது என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்தபோது என்னைப் பார்த்து, “அன்னிக்கு நீங்க திருகினது ரெண்டு பக்கமும் சரிசமமா இருந்துச்சு டீச்சர். முதல் தடவை யாருக்கும் அப்படி வராது. எனக்கு வரல” என்றாய். நான் வண்டியிலிருந்து இறங்கினேன். உன்னை அதற்குப் பிறகு வெறுக்க முடியவில்லை. பொறாமை மட்டும் போகவில்லை. ஒரு வேலைக்குள் அப்படி முழுசாகப் போய் இறங்கி, சுற்றியிருக்கிற ஆளே தெரியாமல் ஐந்து நிமிஷம் இருக்க எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. வகுப்பில் கணக்குப் போடும்போதுகூடக் கதவுப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

அறுபதுகளின் பாதியில் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு நீங்கள் உப்பிலியபுரத்துக்கே போய்விட்டீர்கள். உன் அப்பா கடை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிளும் பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஓரிரு கடிதம் போட்டேன். உனக்கு எழுத வராது; உன் மகன் எழுதிய பதிலில் நீ சொன்னது இரண்டு வரிதான் இருக்கும். உன் வீட்டுக்காரர் போனபோது வந்தேன். பிறகு வரவில்லை. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் என்பது ஒரு காரணமா? ஆனாலும் வரவில்லை.

இந்தமுறை உன் மகன் போன் செய்து சொன்னான். காரியத்தன்று வீட்டில் பெண்கள் நிறைய இருந்தார்கள். ஒருத்தி மட்டும் அழுகையை நிறுத்தவே இல்லை. ஐம்பது வயது இருக்கும். எதிர்வீட்டுத் தையல்காரியாம். முப்பது வருஷமாகத் தினமும் சாயங்காலம் உன்னோடுதான் காப்பி குடிப்பாளாம். உனக்கு எந்தப் பக்கம் பல்வலி, ராத்திரி எத்தனை தலையணை, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். நான் சுவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. உன்னைப் பார்த்து எரிந்த அதே இடத்தில், இப்போது உனக்காக எரிந்தது.

கடைசியில் அவளே என்னிடம் வந்து, நீங்கள் யார் என்று கேட்டாள். ஸ்ரீரங்கத்தில் பக்கத்து போர்ஷனில் இருந்தோம் என்றேன்.

“கணக்கு டீச்சரா? சொல்லியிருக்காங்க” என்றாள்.

என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “கை ரொம்ப நிதானம்னு சொல்வாங்க. வேற ஒண்ணும் சொன்னதில்லீங்க” என்றாள்.

முப்பது வருஷம் தினமும் காப்பி குடித்தவளிடம் நீ அதைச் சொல்லவில்லை. அறிந்த ஆம்பிளைகள் இருவரும் போய்விட்டார்கள். உன்னை நான் என்ன செய்தேன் என்பதும், நீ அதற்கு என்ன செய்தாய் என்பதும் இப்போது இந்த உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் இன்னும் ஏதாவது சொல்வேனோ என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஏதாவது என்னிடம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டேன். அதை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.